ரைட் எடுக்க 45 மீட்டர்

எங்கள் சிக்னலில் வலது பக்கம் திரும்புகிற வண்டிகளுக்கென்று தனி லேன் போட்டுவிட்டார்கள். போட்டு ஒரு மழைக்காலமும் போய்விட்டது. இது நல்லதா கெட்டதா என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், ஏதோ நான்தான் போட்ட மாதிரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே எழுதிவைத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

எந்த சிக்னல் என்று பெயர் போடப் போவதில்லை. வடசென்னையில், ஜி.என்.டி. ரோட்டில், வியாசர்பாடிக்கும் மூலக்கடைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே வியாசர்பாடி, வடக்கே மூலக்கடை, கிழக்கே கொடுங்கையூர், மேற்கே பெரம்பூர். அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த அடையாளமே அதிகம்.

கொடுங்கையூர் ரோட்டு முனையில் என் ஜெராக்ஸ் கடை. சாதாரண ஜெராக்ஸோடு பெரிய பிளான் பிரிண்ட்டும் உண்டு. ஏ1, ஏ0 தாளில் வீட்டு பிளான் எடுக்க கொளத்தூரிலிருந்துகூட ஆள் வரும். நான் டிப்ளமோ சிவில். படிப்பு முடித்த புதிதில் ஒரு கன்சல்டன்ட்டிடம் வண்டி எண்ணுகிற வேலை பார்த்திருக்கிறேன். சிக்னல் ஓரம் ஸ்டூல் போட்டு, அட்டையில் தாளைக் கிளிப் செய்து, கால் மணிக்கு ஒரு கட்டம், நாலு கோடு இழுத்துக் குறுக்கே ஒரு அடி. டூவீலர், ஆட்டோ, கார், வேன், பஸ், லாரி, சைக்கிள், கைவண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் காராக மாற்றுவார்கள். கார் ஒன்று என்றால் டூவீலர் பாதி, பஸ்ஸும் லாரியும் சுமார் மூன்று. இதற்குப் பெயர் பி.சி.யூ. இப்போது கம்பத்தில் கேமராவைக் கட்டிவிட்டு, பதிவை ஏசி ரூமில் வைத்து எண்ணுகிறார்கள். வெயில் மிச்சம்.

வலது திரும்புவதில் அப்படி என்ன பெரிய சிக்கல்? நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். இடது திரும்புகிறவன் யாருக்கும் குறுக்கே போக வேண்டாம், ஓரமாக வளைந்து போய்விடலாம். நேரே போகிறவன் பக்கவாட்டு ரோட்டுக்காரனை மட்டும் பார்த்தால் போதும். வலது திரும்புகிறவனோ எதிரே வருகிறவனையும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். நாலு ரோடு கூடுகிற இடத்தில், ஒவ்வொரு பக்கமும் ஒரே வரிசை என்று வைத்தாலே, வண்டியும் வண்டியும் சந்திக்கிற புள்ளிகள் 32 என்று பாலிடெக்னிக்கில் படம் போட்டுக் காட்டுவார்கள். பிரிகிற இடம் 8, சேர்கிற இடம் 8, குறுக்கே வெட்டுகிற இடம் 16. இந்த 16-ல் 12 புள்ளி வலது திரும்புகிறவனால் வருகிறது.

எங்கள் சிக்னலில், வியாசர்பாடியிலிருந்து வந்து கொடுங்கையூர் பக்கம் வலது திரும்புகிறவன் யார் தெரியுமா? கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகிற கார்ப்பரேஷன் லாரி, கவியரசு கண்ணதாசன் நகர் போகிற பஸ், எம்.கே.பி. நகர் ஷேர் ஆட்டோ. அப்புறம் நான். பேப்பர் வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குத்தான் போவேன். ஏ4 பேப்பர் ஒரு பெட்டி 23 கிலோவுக்கு மேல் இருக்கும். டி.வி.எஸ். எக்ஸ்.எல்லில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு கட்டிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் ஏறி இறங்கி வந்தால், கடைசியில் இந்த சிக்னலில் ரைட் எடுக்க வேண்டும். குப்பை லாரிக்குப் பின்னால், அந்தச் சாறு சொட்டுகிற இடத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் கடை கண்ணுக்கு எதிரே தெரியும். போய்ச் சேரத்தான் முடியாது.

முன்பெல்லாம் இங்கே வடக்கும் தெற்கும் ஒரே நேரத்தில் திறக்கும். வலது திரும்புகிறவன் நடுவில் வந்து நின்று, எதிர்ப்பக்கம் கொஞ்சம் இடைவெளி விட்டதும் நுழைய வேண்டும். மூலக்கடையிலிருந்து வருகிறவர்கள் இடைவெளி விடுவதாவது! ஒரு பஸ் அப்படி நின்றால் பின்னால் உள்ள பாதி ரோடு செத்தது. நேரே போகிற செங்குன்றம் பஸ் அதை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும். அதனால் பெரம்பூருக்கு லெஃப்ட் எடுக்கிறவன் வழியும் அடைபடும். திரும்ப வேண்டியது ஒரே ஒரு பஸ், நின்றது மூன்று பக்கத்துக்குப் போகிறவர்களும்.

சரி, இது சரிப்படாது என்று போலீஸ் நாலு பக்கத்தையும் தனித்தனியாகத் திறக்க ஆரம்பித்தது. வியாசர்பாடிக்கு ஒரு தடவை, மூலக்கடைக்கு ஒரு தடவை, கொடுங்கையூருக்கு, பெரம்பூருக்கு. எதிரே யாரும் வராததால் வலது திரும்புகிறவனுக்கு நிம்மதி. ஆனால் நாலு பக்கமும் ஒரு தடவை திறந்து முடிகிற சுற்றில், முக்கால்வாசி நேரம் ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு. பச்சை விழுந்ததும் முன்னால் நிற்பவன் கியர் போட்டுக் கிளம்ப இரண்டு மூன்று நொடி, கடைசியில் நடுவில் மாட்டியவர்கள் வெளியேற இன்னும் சில நொடி. நாலு தடவை பிரித்தால் இந்த நட்டமும் நாலு தடவை. வெப்ஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1958-ல் இதற்குக் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். வீணாகிற நொடிகள் கூடக்கூட சிக்னல் சுற்றும் நீண்டுகொண்டே போகும். இன்றைக்கும் பாலிடெக்னிக் பரீட்சையில் அந்தக் கணக்கு வரும்.

இந்த லட்சணத்தில் மெட்ரோ வேலையும் வந்து சேர்ந்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகிற மூன்றாவது வழித்தடம் மூலக்கடை, செம்பியம், பெரம்பூர் என்று பூமிக்கு அடியில் போகிறது. மேலே தடுப்பு வைத்த இடங்களில் ரோடு குறுகியதும் வண்டிக்காரர்கள் சந்து பொந்தெல்லாம் தேடி எங்கள் பக்கம் வந்தார்கள். மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம்.

நடுவில் கொஞ்ச நாள் ரைட்டை அடைத்து, நேரே போய் யூ டர்ன் அடித்து வாருங்கள் என்றார்கள். சென்னை முழுக்க இப்போது இதுதானே வைத்தியம். பைக்குக்கும் காருக்கும் அது சரி. 12 மீட்டர் பஸ் ஒரே வளைப்பில் யூ டர்ன் அடிக்க எங்கள் ரோட்டில் அகலம் ஏது? முன்னால் போய், ரிவர்ஸ் வந்து, மறுபடி முன்னால் போய்... கண்டக்டர் இறங்கி விசில் ஊதுவார். அந்தத் தடுப்பைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள்.

லேன் வரப்போகிறது என்பது எனக்குத் தெரிந்தது பிரிண்ட் எடுக்க வந்த டிராயிங் மூலமாகத்தான். கான்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர், இருபத்து மூன்று இருபத்து நாலு வயது இருக்கும், பென் டிரைவை நீட்டி, “அண்ணா, ஏ1-ல மூணு செட், கொஞ்சம் அவசரம்” என்றான். மிஷினிலிருந்து தாள் இறங்க இறங்க, என் கடை வாசல் வருகிறது! கட்டம் போட்டு ‘கடை’ என்று எழுதியிருந்தது. நல்லவேளை, அதன் மேல் சிவப்புக் கோடு ஓடவில்லை.

“தம்பி, மூணு மீட்டர் லேன் போட்டிருக்கீங்களே, எங்கருந்து எடுக்கிறீங்க?” என்று கேட்டேன். சிவில் படித்த ஆள் என்று தெரிந்ததும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டான்.

கணக்கு இப்படி. ரோட்டை நடுவில் பிரிக்கிற மீடியன் 1.8 மீட்டர் அகலம். அதை 0.6 ஆக்கினால் 1.2 மீட்டர் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கிற இரண்டு லேனும் 3.75 மீட்டர். இரண்டையும் 3.3 ஆகச் சுருக்கினால் 0.9. மிச்சம் 0.9 மீட்டர் மேற்குப் பக்க நடைபாதையிலிருந்து. ஆக மொத்தம் 3 மீட்டர். யாருடைய கட்டடத்தையும் தொடாமல் ஒரு லேன். கெட்டிக்காரத்தனமான வேலைதான். நான் பாராட்டினேன், மனதாரத்தான்.

அப்புறம் நீளத்தைப் பார்த்தேன். 45 மீட்டர். அதிலும் முதல் 15 மீட்டர் லேன் சாய்வாக விரிகிற பகுதி. அங்கே முழு வண்டி நிற்க முடியாது. ஆக நிற்கிற இடம் 30 மீட்டர். ஒரு பஸ், ஒரு குப்பை லாரி, ஒரு ஷேர் ஆட்டோ, இடையில் செருகிக்கொள்ள நாலைந்து பைக். முடிந்தது.

ஏன் 45-ல் நின்றது? அதற்கு மேல் நடைபாதையை வெட்ட முடியாது. அங்கே பஸ் ஸ்டாப் நிழற்குடை, அதை ஒட்டி மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதாவது கரண்ட் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. பில்லர் பாக்ஸை நகர்த்துவதென்றால் பூமிக்கடியில் கேபிளை வெட்டி ஒட்ட வேண்டும். அதற்குத் தனி எஸ்டிமேட், தனி அனுமதி, பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். “அது வந்தா வேலை அடுத்த வருஷம்தான்ணா” என்றான் தம்பி. வலது திரும்பும் லேன் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைத் திரும்புகிற வண்டிகளின் எண்ணிக்கை முடிவு செய்யவில்லை. ஒரு இரும்புப் பெட்டி முடிவு செய்தது.

நான் சும்மா இருப்பேனா? பழைய பழக்கம், காலை நெருக்கடி நேரத்தில் கடை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்குச் சராசரியாக ஒன்பது பி.சி.யூ. அளவுக்கு வலது திரும்புகிறது. சராசரிக்கு மட்டும் இடம் விட்டால் பாதி நேரம் வழியும். அதனால் சராசரியைப் போல ஒன்றரை மடங்குக்கு இடம் விடுவது வழக்கம். பதிமூன்று, பதினான்கு வரும். ஒன்றுக்கு 6 மீட்டர் வைத்தால் 80 மீட்டர். நம்மூரில் பைக்குகள் சந்தில் புகுந்து முன்னால் வந்துவிடும் என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைத்தாலும் 30-க்கு வராது.

வேலை நடந்ததைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் புழுதி ஞாபகம்தான் வருகிறது. நடைபாதையில் பையன்கள் தகரக் கொட்டகை போட்டு கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காலி செய்யச் சொன்னால் சண்டை வரும் என்று எல்லாரும் பயந்தார்கள். பையன்களே வந்து, முதலில் போர்டைப் பத்திரமாகத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், அப்புறம் தகரத்தை. ஒரு நாள் சாயங்காலத்தில் வேலை முடிந்தது. இப்போது பின் சந்தில் டியூப்லைட் கட்டி ஆடுகிறார்கள்.

அந்த 0.9 மீட்டர் பட்டைதான் எனக்குக் கவலையாக இருந்தது. மூன்றடி அகலப் பள்ளத்தில் ரோடு ரோலர் இறங்காது. கையால் தள்ளுகிற பிளேட் வைப்ரேட்டரை வைத்து, ஜல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தனியாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் போட்டு நிரப்பிவிட வேண்டும். இங்கே ஒரே கொட்டில் கொட்டி, மேலே நாலு தடவை ஓட்டி, தார் போட்டுவிட்டார்கள். தார் போட்ட அன்றைக்குப் பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழை வந்தது. பழைய ரோடும் புதிய பட்டையும் சேருகிற கோடு நெடுகிலும் ஒரு வெடிப்பு, அப்புறம் பட்டை மட்டும் இரண்டு விரல் அளவு கீழே இறங்கியது. குறுக்கே உள்ள பள்ளம் என்றால் வண்டி குதித்துத் தாண்டிவிடும். இது ரோட்டின் நீளவாக்கில் ஓடுகிற பள்ளம். பைக் டயர் அதில் இறங்கினால் ஹேண்டில்பார் நம் பேச்சைக் கேட்காது. ஸ்கூட்டியில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிற பெண்கள் அந்த இடத்தில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவதை இங்கிருந்தே பார்க்கலாம்.

அந்தப் பட்டைக்குக் கீழேதான் மழைநீர் வடிகாலின் ஒரு பகுதியும் ஓடுகிறது. நடைபாதைக்கு அடியில் இருந்தவரை ஆள் மட்டும் நடந்த மூடி, இப்போது லாரிச் சக்கரத்துக்கு அடியில். ஒரு மூடி ஆட ஆரம்பித்து, ராத்திரி முழுக்கக் ‘கடக் கடக்’ என்று சத்தம். அதற்கு எதிரே உள்ள வீட்டு மாடியில் இருக்கிற பெரியவர் என் கடைக்கு வந்து புகார் மனு டைப் செய்துகொண்டு போனார். மூடியை மாற்றிவிட்டார்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்பு வரைந்த அன்றைக்கு மட்டும் வேடிக்கை பார்க்கக் கூட்டம். தெர்மோபிளாஸ்டிக் பெயின்ட் என்பது பெயின்ட்டே இல்லை. கட்டியாக இருப்பதை வண்டியிலேயே காய்ச்சிக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி இழுக்கிறார்கள். ஆறுவதற்குள் அதன் மேல் பொடிப் பொடியாகக் கண்ணாடி மணிகளைத் தூவுகிறார்கள். ராத்திரி ஹெட்லைட் பட்டால் மின்னுவது அதனால்தான். ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் கீழே சிந்திய மணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லேன் திறந்ததும் எல்லாரும் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று. நெரிசல் கொஞ்சம்தான் குறைந்தது. ஏன்? சிக்னல் பழையபடியே நாலு பக்கமும் தனித்தனியாகத் திறந்துகொண்டிருந்தது. வியாசர்பாடி பக்கம் திறக்கும்போது எதிரே மூலக்கடை பக்கம் சிவப்பு. வலது திரும்புகிறவன் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, நேரே போகிறவனோடு சேர்ந்தே போய்விடுகிறான். அப்படியென்றால் காத்திருக்கத் தனியாக ஒரு இடம் எதற்கு? ரோடு கொஞ்சம் அகலமானதுதான் லாபம். திரும்பும் லேன் என்பது வண்டியை நிறுத்திவைக்கிற இடம். நிறுத்திவைக்கத் தேவையில்லாத மாதிரி சிக்னலை வைத்துக்கொண்டு லேன் போட்டால், திண்ணை கட்டிவிட்டு விருந்தாளியை உள்ளே கூட்டிக்கொண்டு போவது போல.

பிறகு வந்த ஒரு டிராஃபிக் எஸ்.ஐ. இதைப் புரிந்துகொண்டார். இப்போது சிக்னல் இப்படி ஓடுகிறது. முதலில் வியாசர்பாடி பக்கம் மட்டும், நேராகவும் வலதுக்கும் சேர்த்து 20 நொடி. அப்புறம் வலது அம்பு அணையும். நேர் போக்கு அணையாது. அந்த நேரத்தில் மூலக்கடை பக்கமும் திறக்கும், இரண்டு பக்கமும் நேராக 30 நொடி. வலது திரும்ப மிச்சம் இருப்பவர்கள் தங்கள் லேனில் நிற்பார்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பிறகு வியாசர்பாடி பக்கம் நிற்கும், மூலக்கடை பக்கம் மட்டும் 15 நொடி. அதில் பெரம்பூர் போகிறவர்கள் வலது திரும்பலாம். அப்புறம் கொடுங்கையூர், பெரம்பூர். அதே இரண்டு நிமிடச் சொச்சம்தான் சுற்று. ஆனால் முன்பு 30 நொடி பச்சை கிடைத்த வியாசர்பாடி பக்கத்துக்கு இப்போது நேராகப் போக 50 நொடி. செங்குன்றம் பஸ்காரர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இந்த இடத்தில்தான் நான் எல்லாரிடமும் சண்டை போடுகிறேன். வியாசர்பாடி பக்கம் லேன் உண்டு. மூலக்கடை பக்கம்? இல்லை. இரண்டு பக்கமும் நேராக ஓடுகிற அந்த 30 நொடியில், மூலக்கடையிலிருந்து வந்து பெரம்பூருக்கு வலது திரும்ப வேண்டியவன் எங்கே நிற்பான்? உள் லேனிலேயே நிற்கிறான். பின்னால் நேரே போகிறவன் ஹாரன் அடிக்கிறான். நம் பக்கத்தில் இருந்த நோயை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். நேருக்கு நேர் உள்ள இரண்டு பக்கமும் சேர்ந்து போட்டால்தான் இந்த லேன் முழுப் பலன் தரும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பாதி கூடத் தேறாது. வடக்குப் பக்கம் மீடியன் இன்னும் அப்படியே 1.8 மீட்டர் இருக்கிறது. அந்தப் பக்கத்து நடைபாதையில் பில்லர் பாக்ஸும் இல்லை, நிழற்குடையும் இல்லை. இங்கே போட்ட அதே கணக்கை அங்கேயும் போடலாம்.

என் கடை வாசலில் உள்ள பிரச்சினை வேறு. கொடுங்கையூர் ரோட்டு மீடியனின் மூக்கு, அதாவது சிக்னல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற அதன் முனை. பஸ் வலது திரும்பும்போது முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டுதான் வரும். டிரைவர் கொஞ்சம் சீக்கிரம் ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்சக்கரம் நேராக மூக்கின் மேல் ஏறும். கறுப்பு மஞ்சள் பெயின்ட் தேய்ந்து, கெர்ப் கல் ஒன்று உடைந்து, அதன் மேல் டயர் ரப்பர் கறையாகப் படிந்திருக்கிறது. மூக்கை ஒரு மீட்டர் பின்னால் இழுத்து, கொடுங்கையூரிலிருந்து வருகிறவர்களின் ஸ்டாப் லைனையும் அதோடு பின்னால் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் ஸ்டாப் லைனில் நம் ஆட்கள் என்றைக்கு நின்றார்கள்? பைக்கில் முன்னால் வந்து நிற்கிறவனுக்கு, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் மூக்குக்கு நேரே உரசிக்கொண்டு போகும்.

நடந்து போகிறவர்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு 7.5 மீட்டர் கடந்து, 1.8 மீட்டர் மீடியனில் நின்று மூச்சு வாங்கி, எதிர்ப்பக்கம் பார்த்து இன்னொரு 7.5 மீட்டர். ரேஷன் பையும் பேரப்பிள்ளையுமாக ஒரு பாட்டி அந்த மீடியனில் நிற்க இடம் இருந்தது. இப்போது மீடியன் இரண்டடி. கூட ஒரு பிள்ளை இருந்தால் நிற்க முடியாது. அதனால் ஒரே ஓட்டமாக 17.7 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடக்கிற ஆளுக்கே கிட்டத்தட்ட 15 நொடி. டிராயிங் போடுகிறவர்கள் எடுத்துக்கொள்கிற நடை வேகம் அது. பாட்டியின் வேகம் அது இல்லை. நடப்பவர்களுக்கென்று தனிப் பச்சையும் இந்த சிக்னலில் கிடையாது. காலையில் பள்ளிக்கூட நேரத்தில் ஏட்டு ஒருவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். மத்தியானம் யாரும் இல்லை.

அடுத்து அத்தோ. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய, அதனால் சாயங்காலம் ஆனால் அத்தோ வண்டி இல்லாத முனை கிடையாது. எங்கள் சிக்னலின் மேற்கு ஓரத்திலும் ஒரு அக்கா பல வருஷமாகப் போடுகிறார். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து, கூட வாழைத்தண்டு சூப். நானும் வாடிக்கைதான். வண்டி நடைபாதை ஓரத்தில் நின்றவரை பிரச்சினை இல்லை. நடைபாதை மூன்றடி குறைந்ததும் வண்டி பாதி ரோட்டில். சாப்பிட வருகிறவர்களின் பைக்குகள் மீதி ரோட்டில். இடது லேன் போனது. நேரே போகிறவர்கள் நடு லேனும் போதாமல் வலது திரும்பும் லேனில் ஏறி நிற்கிறார்கள். அம்பு விழுந்தால் முன்னால் நிற்பவன் நேரே போகிறவன், அசைய மாட்டான். ராத்திரி பத்து மணி வரைக்கும் புதிய லேன் இருந்தும் இல்லாத கதைதான்.

ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “அக்கா, கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடக் கூடாதா?”

“நானா ரோட்டுக்கு வந்தேன்? ரோடுதாண்ணே என் வண்டிகிட்ட வந்துச்சு” என்றார், பிசைகிற கையை நிறுத்தாமல்.

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? சூப் இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அவரை விரட்டுவது தீர்வு இல்லை. கேரம் கொட்டகை போன பின் சந்தின் முனையில் இரண்டு வண்டி நிற்க இடம் இருக்கிறது, சிக்னலிலிருந்து முப்பது அடிகூட இல்லை. அங்கே ஒரு லைட் போட்டுக் கொடுத்து, இதுதான் உங்கள் இடம் என்று எழுதிக் கொடுத்தால் அவர் போவார். கேட்டுவிட்டேன், சரி என்கிறார்.

மொத்தத்தில் லேன் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். காலையில் ஆண்டர்சன் தெருவிலிருந்து வரும்போது குப்பை லாரிக்கு இடப்பக்கம் நேரே போகிறவர்கள் தடையில்லாமல் போவதைப் பார்க்கிறேன். அது முன்பு இல்லை. பில்லர் பாக்ஸும் பஸ் ஸ்டாப்பும் நகர்ந்தால் இன்னும் 35 மீட்டர் கிடைக்கும். பஸ் ஸ்டாப் சிக்னலுக்கு முன்னால் இருப்பதைவிடத் தாண்டி இருப்பதுதான் நல்லது. நின்ற பஸ்ஸுக்குப் பின்னால் சிக்னல் வீணாகாது. கொடுங்கையூர் ஷேர் ஆட்டோ பிடிக்கிறவர்கள் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும், திட்டுவார்கள். என்னைத்தான் திட்டுவார்கள், கடை அங்கேதானே இருக்கிறது.

எங்கள் வார்டில் அடுத்து நடக்கப்போகிற பகுதி சபைக் கூட்டத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். மூலக்கடை பக்கமும் லேன், பில்லர் பாக்ஸை நகர்த்தி இந்த லேனை நீட்டுவது, நடப்பவர்களுக்குத் தனிப் பச்சை, இறங்கிய பட்டையைத் தோண்டிக் கான்கிரீட் போடுவது, அத்தோ வண்டிக்கு இடம். டேப் பிடித்து அளந்த படமும் சேர்த்திருக்கிறேன், ஏ1-ல், கலரில், செலவு என்னுடையது. கையெழுத்துப் போட விரும்புகிற அக்கம்பக்கத்துக்காரர்கள் கடைக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை இருக்காது.